ஒரே இடத்தில் இரண்டு ஆழம்

முதலில் குண்டண்ணன் கயிற்று நுனியில் கட்டிய கூர்க்குண்டைத் தண்ணீரில் இறக்குவார். கயிறு தொய்ந்ததும் நீர்மட்டத்தில் விரலை வைத்துப் பிடித்து, "இருபத்தெட்டு மீட்டர்" என்பார். மேலே இழுத்து, குண்டைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, அதே கயிற்றில் ஒரு தட்டைக் கட்டுவார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரும்பு. நடுவில் ஒரு வளையம். அதை அதே இடத்தில் இறக்குவார். இந்த முறை கயிறு சீக்கிரமே தொய்ந்துவிடும். "இருபத்திமூணு" என்பார். குரல் பாதியாகக் குறைந்திருக்கும். எனக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்ப்பார். நான் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஒரு வருடமாக இப்படித்தான். இந்த நீர்த்தேக்கத்தில் நான் பதினேழு வருடமாகப் படகு ஓட்டுகிறேன். அவர் இருபத்திரண்டு வருடமாக ஆழம் பார்க்கிறார். கரையில் நட்ட இரண்டு வெள்ளைக் கம்பங்கள் ஒன்றின் பின் ஒன்றாக மறையும் இடம் வந்ததும் கையைத் தூக்குவார். நான் என்ஜினை நிறுத்த வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும், "ஏம்பா, உன் மாமியார் வீட்டுக்கா போறோம்? நில்லு" என்பார்.

வேலை செய்கிற எல்லோருக்கும் அவர் குண்டண்ணன். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டுத் தொந்தியும் தொப்பையுமாக ஓர் ஆளைத் தேடுவார்கள். இவரோ காற்றடித்தால் பறக்கிற உடம்பு. பெல்ட்டில் கடைசி நான்கு ஓட்டைகள் அவரே ஆணி வைத்து அடித்தவை. நீச்சல் தெரியாது. கேட்டால், "ஆழம் தெரியாமக் காலை விடாதேன்னுதானே சொல்றாங்க? எனக்குத் தெரியும். அதனாலதான் விடல" என்பார்.

போன வருடம் வரை, அடியிலிருந்து குண்டில் ஒட்டி வருகிற மண்ணை அவர் முதலில் விரலால் தேய்ப்பார். பிறகு நாக்கு நுனியில் வைத்து முன்பல்லால் அரைப்பார். கரகரத்தால் மணல். வழுவழுத்தால் வண்டல். "இது புதுசு. மேல எங்கியோ காட்டை மொட்டை அடிச்சிருக்கானுங்க" என்று துப்புவார். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போய்வந்த லாரிக்காரன் சொல்வான், ஆமாம், மலைச்சரிவில் மரமே இல்லை என்று.

"தண்ணி வரும், போகும். மண்ணு அப்படி இல்லப்பா. இது சொந்த வீடுன்னு நெனச்சுக் குடி வந்திருக்கு."

அவர் சொன்னது மிகையில்லை. அணை கட்டிய காலத்தில் அடியில் பாறையும் கூழாங்கல்லும்தான். அதற்குக் கூர்க்குண்டு சரி. கல்லில் போய் 'டக்'கென்று நிற்கும். பழைய ஆள் ஓய்வு பெறும்போது அந்தக் குண்டை இவர் கையில் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். அடி மாறியது, குண்டு மாறவில்லை. கல்லின் மேல் வண்டல், வண்டலின் மேல் அதைவிட மெல்லிசு வண்டல். மேல் சேறு கரைத்த மாவு மாதிரி இருக்கும். தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை. கூர்க்குண்டு அதைத் துளைத்துக்கொண்டு நேராகக் கல்லுக்குப் போய்விடும். சேறு இருப்பதே கைக்குத் தெரியாது.

கயிற்றைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் இவர் சுத்தக்காரர். அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலில் உட்கார்ந்து, கயிறு முழுவதுக்கும் மெழுகுவத்தித் துண்டால் மெழுகு தேய்ப்பார். மெழுகு தேய்த்த கயிற்றில் எதுவும் ஒட்டாது. இறங்கிய மாதிரியே பளபளவென்று மேலே வரும். அலுவலகத்தில் அதைக் காட்டி, "பொருளை இப்படி வெச்சுக்கணும்" என்று மற்றவர்களைத் திட்டுவார்கள். அந்தச் சுத்தம்தான் குடியைக் கெடுத்தது.

போன வருடம் நகரத்துக் குழாய்களில் தண்ணீர் செம்பழுப்பாக வர ஆரம்பித்தது. நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கிற குழாய் அணையின் இன்னொரு பக்கம்; அதன் வாய்க்கும் சேற்றுக்கும் நடுவே ஆள் உயரம்தான் மிச்சம் என்றார்கள். அணையின் அடி மதகைத் திறந்து சேற்றை வெளியே தள்ள வேண்டும் என்று முடிவானது. பல வருடமாகத் திறக்காத கதவு. தூக்கினால் அசையவில்லை. உள்ளே போய்ப் பார்க்க ஒரு டைவர் வேண்டும். வந்தவர் குண்டண்ணனின் மைத்துனர், மனைவியின் ஒரே தம்பி. நல்ல கைகாரர். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் வேலை பார்த்தவர்.

அன்று என் படகில்தான் போனோம். மைத்துனர் முகமூடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மாமா, உங்க நம்பரை நம்பித்தான் இறங்குறேன். இருபத்தெட்டுல தரை இல்லைன்னா அக்காகிட்டப் போட்டுக் குடுத்துடுவேன்" என்றார்.

"போடா. இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டு. கீழ போய் நாற்காலி போட்டு உக்காரு."

இருபத்திமூன்றில் அவர் சேற்றுக்குள் போயிருக்கிறார். தண்ணீர்தான் கலங்கியிருக்கிறது, இன்னும் ஐந்து மீட்டர் இருக்கிறது என்று நினைத்துக் கீழேயே போயிருக்கிறார். அதற்குள் போய்விட்டால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து நாங்கள் நான்கு பேர் இழுத்தோம். வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. எல்லோரும் உயிர் போன ஆளைப் பார்த்தார்கள். குண்டண்ணன் மட்டும் அவரைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகு தேய்க்காத, மொத்தமான, நார் துருத்திய கயிறு. இடுப்பு முடிச்சிலிருந்து ஐந்து மீட்டருக்குப் புரிபுரியாகச் சேறு அப்பியிருந்தது.

விசாரணைக் காகிதத்தில் 'டைவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்தச் சொல் டீக்கடைக்குப் போனதும் 'குடிச்சிட்டு இறங்கினான்' என்று ஆனது. நாக்குக்கு நரம்பா இருக்கிறது? ஆழத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குண்டண்ணனும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லேத் பட்டறையில் அந்தத் தட்டைச் செய்து எடுத்துவந்தார். அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு அளவு. அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம்தான் உண்டு. அதில் கூர்க்குண்டின் நம்பரை எழுதுவார். தட்டின் நம்பரைச் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதுவார். மெழுகுவத்தியை விட்டுவிட்டார். பேச்சும் குறைந்தது. மண்ணை நாக்கில் வைப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி வந்தது: மறுநாள் வேறு ஒரு டைவர் வருகிறார், அதே அடி மதகு. குண்டண்ணன் அன்றைய படிவத்தில் இருபத்தெட்டு என்று எழுதவில்லை. இருபத்திமூன்று என்று எழுதினார்.

பொறியாளர் சின்ன வயதுப் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதம். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணா, போன வாரம் இருபத்தெட்டு. இந்த வாரம் இருபத்திமூணு. ஒரு வாரத்துல அஞ்சு மீட்டர் மண்ணா விழுந்துச்சு?"

"ஒரு வாரத்துல விழல மேடம்."

"அப்ப எப்ப விழுந்துச்சு?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காரணத்தை எழுதிக் குடுங்கண்ணா. காரணம் இல்லாம நம்பரை மாத்தினா மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள பேப்பர் வரலைன்னா பழைய நம்பர்தான் டைவர் கைக்குப் போகும். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

வெளியே வந்ததும் சொன்னேன்: "அண்ணே, அஞ்சு நிமிஷம். நான் எழுதித் தர்றேன். இங்கியே உக்காருங்க."

"வேணாம்பா. என் லெட்டரை எப்பவும் உன் அண்ணிதான் எழுதுவா."

"அண்ணே, யோசிச்சுக்குங்க."

"ஒரு வருஷமா அதைத்தான்பா பண்றேன்."

அவர் படிப்பு நாலாம் வகுப்பு. அண்ணி பத்தாவது வரை படித்தவர். லீவு கடிதத்திலிருந்து கேஸ் சிலிண்டர் விண்ணப்பம் வரை அண்ணி கைதான். லேத் பட்டறைக்குப் பின்னால் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. நாங்கள் போனபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மகளின் பரீட்சை அட்டையை மடியில் வைத்து, பேனாவை உதறிவிட்டு, "என்ன, லீவா?" என்றார்.

"லீவு இல்ல. அளவு விஷயம்."

"சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருஷமா நான் கூர்க்குண்டு போட்டேன்."

"போட்டேன்னு எழுதக் கூடாதுங்க. பயன்படுத்தினேன்னு எழுதணும்."

"அப்படியே எழுது. அது சேத்துக்குள்ள இறங்கிடும். அதனால நான் குடுத்த ஆழம் தப்பு. தட்டு போட்டுப் பாத்தா அஞ்சு மீட்டர் கம்மி."

அண்ணி வேகமாக எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "எந்த இடம்னு போடணுமே?"

"அடி மதகு வாசல்."

பேனா நின்றது. மின்விசிறிக் காற்றில் காகிதத்தின் ஒரு மூலை தூக்கித் தூக்கி விழுந்தது. அண்ணி அதைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"போன வருஷமும் அதே இடந்தானே?"

"அதே இடந்தான்."

"அவனுக்கு எத்தனைன்னு சொன்னீங்க?"

"இருபத்தெட்டு."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"கயிறு மேல வந்தப்பவே."

நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். 

"ஊரே அவன் குடிச்சான்னு சொன்னப்ப, வெயில்ல வீடு வீடாப் போய்ச் சண்டை போட்டேன். நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடியே வந்தீங்க" என்றார் அண்ணி. சத்தம் போடவில்லை. விலை விசாரிக்கிற குரல்.

அண்ணி பேனாவை மறுபடியும் காகிதத்தில் வைத்தார்.

"மணி நாலரை ஆவுது. மேல சொல்லுங்க."

சொன்னார். நாளைக்கு ஆளை இறக்கக் கூடாது, முதலில் மேல் சேற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும், பழைய பதிவு எதையும் நம்பக் கூடாது. அண்ணி எழுதினார். ஓர் எழுத்துப் பிழை வந்தது, அடித்துவிட்டுத் திருத்தினார். கடைசியில் அவர் நிறுத்திய பிறகும் பேனா ஓடியது. எழுதியதைச் சத்தமாக வாசித்தார்: "சென்ற ஆண்டு இறந்தவர் மது அருந்தியிருக்கவில்லை. அவருக்குத் தவறான ஆழத்தைச் சொன்னது நான்." நிமிர்ந்து கேட்டார்: "சரிதானே?"

"சரி."

"கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அண்ணி காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, என்னிடம் நீட்டினார். "நீங்களே கொண்டு போய்க் குடுத்துடுங்க. நாளைக்கு இறங்குறவனுக்கும் ஒரு அக்கா இருப்பா." மடித்த துணிகளில் குண்டண்ணனின் சட்டைகளை மட்டும் தனியாக எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அழுகைச் சத்தம் வரும் என்று நின்றேன். குழாயைத் திறக்கிற சத்தம்தான் வந்தது.

மணி ஐந்துக்குப் பத்து நிமிடம். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தெருவில் வெயில் இன்னும் முழுசாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். குண்டண்ணன் உள்ளே போய், யாரும் சொல்லாமலே, தன் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியே வைத்தார்.