நான் நிறுத்த மறந்த பாதி

சிறப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று வாசல் போர்டில் போட்டிருந்தாலும், எங்கள் தொழிலில் முக்கால்வாசி நேரம் பெற்றோருக்கு எதிரே உட்கார்ந்து காது கொடுப்பதுதான். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், எங்களிடம் வந்து மாட்டிக்கொண்ட பெற்றோருக்கும் இது தெரியும். மற்றவர்கள் "உங்களுக்கு ரொம்பப் பொறுமை" என்பார்கள். எனக்குப் பொறுமையே கிடையாது. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் மையம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்கு லாரிகள் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. லாரி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, போனபின் தொடர்வோம். கண்ணைத் துடைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அந்த இடைவெளி வசதி.

கதவோர நாற்காலி

முதல் தடவை வருகிறவர்கள் எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் கதவோர நாற்காலியில்தான் உட்காருவார்கள். பிலோமினாவும் அப்படித்தான். பெரியதாழையிலிருந்து கிளம்பி, திருச்செந்தூரில் பஸ் மாறி, எட்டு வயது மகள் ரீனாவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ரீனாவுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. பழகாத எது வாய்க்குள் போனாலும் அந்த நிமிடமே துப்பிவிடுவாள். அடுத்தவர் கை வாய்ப்பக்கம் வந்தாலே தட்டிவிடுவாள்.

நான் வழக்கம்போலப் படங்களையும் அட்டவணையையும் பரப்பி வைத்து, கால்மணி நேரம் பொழிந்து தள்ளினேன். எனக்கே என் விளக்கம் பிடித்துப் போயிற்று. "எல்லாம் புரிஞ்சதாம்மா?" என்று கேட்டேன். அவள் அட்டவணையைப் பார்க்கவே இல்லை.

"புரிஞ்சது டீச்சர். இவ வயித்துல இருக்கும்போது நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் நீங்க சொல்லலையே."

டீக்கடையில் ஒருவர்

ரீனாவின் அப்பா மிக்கேல், கடலுக்குப் போகாத சனிக்கிழமைகளில் கூடவே வருவார். ஆனால் எங்கள் படியேற மாட்டார். எதிரே இருக்கிற டீக்கடையில், எங்கள் ஜன்னலைப் பார்த்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இந்த மாதிரி டீக்கடை அப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று முறை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். நாலாவது முறை கோபம் வந்து நானே சாலையைக் கடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஊர்க் கோயிலில் ரீனா வயதுப் பிள்ளைகள் புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இயேசுவின் உடல் என்று நம்பி, பூசையில் சாமியார் கொடுக்கிற மெல்லிய அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, வீட்டில் விருந்து என்று அந்தக் கரையில் அது பாதிக் கல்யாணம். தன் மகளும் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது பிலோமினாவின் பிடிவாதம். மிக்கேலுக்கோ, போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பெண்ணின் பட்டுச்சேலையில் ரீனா பாயாசத்தைத் துப்பியது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் மகளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப்போனதில்லை. பயிற்சியில் துப்புவது குறையும் என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்னு சொல்லலை டீச்சரம்மா. ஆனா ஊரு முன்னால நற்கருணையத் துப்பிப்புட்டா, பொறவு அவளுக்குக் கோயிலும் கிடையாது, ஒங்க பள்ளிக்கூடமும் கிடையாது. வீட்டோட வச்சிருவேன்."

பாத்திமா சொன்ன வழி

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் எனக்கு உள்ளூர உதறல். நான் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி, கிறிஸ்தவத்திலேயே வேறு சபை. இவர்களுடைய முறைகளும் எனக்குச் சரியாகத் தெரியாது. பங்குச் சாமியாரிடம் பேசினேன். ரீனா செபம் எதுவும் சொல்ல வேண்டாம், நற்கருணையை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் விழுங்க வைப்பது யார்? நற்கருணை அப்பம் போல மெல்லிசாக இருக்கட்டும் என்று கோன் ஐஸின் வெறும் கூம்பை உடைத்துப் பழக்கினேன். மூன்று வாரம் துப்பினாள். என் சேலையில்தான்.

சனிக்கிழமைகளில் காயல்பட்டினத்திலிருந்து வருகிற பாத்திமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மகனும் லேசில் எதையும் தின்ன மாட்டான். துபாயில் இருக்கிற அவன் வாப்பா, செல்போன் திரையில் எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு புரோட்டாவைப் பிய்த்துத் தின்று காட்டினால்தான் இவன் வாயைத் திறப்பான். அங்கத்துச் சமையலறையின் சட்டிபானை சத்தத்தோடு தினமும் அது நடக்கும். நாலாவது வாரம் அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்த துண்டை வாங்கி இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ரீனாவிடமும் மறு பாதியைப் பிலோமினாவிடமும் கொடுத்தாள். பிலோமினா தின்றாள். ரீனா அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு தானும் போட்டுக்கொண்டாள். துப்பவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ என்று நான் நின்றேன்.

"தனியாத் தின்னச் சொன்னா அது மருந்து டீச்சர். கூடத் தின்னாத்தான் தீனி."

நன்றாக ஓடின வண்டி

இரண்டு மாதத்தில் ரீனா தானே துண்டை உடைத்து, ஒரு பாதியை எதிரே இருப்பவரின் வாயில் கொடுத்து, அவர் தின்ற பிறகே தன் பாதியைத் தின்கிற அளவுக்கு வந்துவிட்டாள். சாமியார் கொடுத்தனுப்பிய, பூசையில் வைக்காத வெறும் அப்பத்தையும் அப்படியே தின்றாள். ஒரு குறைதான். வீட்டில் பழக்க நான் கொடுத்தனுப்பிய கூம்புப் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, இவள் திருடித் தின்கிறாளோ என்று பிலோமினா சந்தேகப்பட்டாள். திருடுகிற அளவுக்குப் பிடித்துவிட்டதா என்று எனக்குச் சந்தோஷம்.

எங்கள் வேலையில், சொல்லிக்கொடுக்கும்போது சேர்த்த உதவியைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். கோயிலில் போய் நற்கருணையை உடைத்துப் பங்கு போட முடியாதே. "பாதி கொடுப்பதை நிறுத்த வேண்டும்" என்று என் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் அவள் நீட்டிய பாதியைத் தின்றேன். பேச்சுப் பயிற்சி தரும் செல்வியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள் வள்ளியூர்க்காரி, எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"நல்லா ஓடுத வண்டிய எதுக்குக்கா கழட்டுதிய?"

புதுநன்மை நாள்

கோயில் நிறைய சனம். ரீனா வெள்ளை கவுனில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றாள். பூமுடியை இரண்டு தடவை கழற்றி, இரண்டு தடவையும் பிலோமினா மாட்டினாள். மிக்கேலின் நெற்றியிலிருந்து வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் நோட்டின் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

சாமியார் அவள் கையில் நற்கருணையை வைத்தார். ரீனா அதைப் பார்த்தாள். இரண்டாக உடைத்தாள். அவள் அம்மா பக்கம் திரும்பவில்லை. ஒரு பாதியை அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். மிக்கேல் கொஞ்சம்கூட யோசிக்காமல் குனிந்து, "ஆ" என்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். ரீனா அவர் வாயையே பார்த்தாள். அவர் விழுங்கியதும் தன் பாதியைப் போட்டு, மென்று, விழுங்கி, வெறும் கையை எல்லாருக்கும் காட்டினாள். நான் மூக்கைச் சிந்தினேன். பொறுமையான முகம் அன்றைக்கு என்னிடம் இல்லை.

பிலோமினா புருஷனையே வெறித்துப் பார்த்தாள். பாக்கெட் எங்கே போயிற்று என்று அவளுக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. தினமும் மத்தியானம், அவள் மீன் விற்கப் போன நேரம், கரையில் கிழிந்த வலை பொத்துகிற இடத்தில், டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துப் படித்ததை மனுஷன் மகளோடு செய்து பார்த்திருக்கிறார். இப்போதுதான் தான் நிற்கிற இடம் உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டு நெனப்புல வாயத் தெறந்துட்டேன் சாமி."

அடுத்த சனிக்கிழமை

பிலோமினா வரவில்லை. மிக்கேல்தான் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வந்தார். செருப்பை வெளியே விட்டுப் படியேறினார். கதவோர நாற்காலியைத் தாண்டி வந்து, என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து வைத்தார். திறந்து பார்த்தேன். பாயாசம்.

"ஊர்ல ஒரு கல்யாணம் வருது டீச்சரம்மா. இதுக்கும் பழக்கிருவோம். நானும் கூடத் திங்கேன்."

இத்தனை வருட அனுபவத்தில் என் பேர் சொல்லும்படி நடந்த ஒரே காரியம், செய்ய வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்து நான் செய்யாமல் விட்டதுதான்.