கயிறு தொட்டவனுக்கும் பங்கு

விஞ்ஞானம் படித்த பட்டதாரிகள் எங்கே, என்ன வேலை பார்க்கிறார்கள் என்று 1961-ல் சர்க்கார் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கெடுப்பு அட்டைகளைச் சுமந்துகொண்டு அக்காள்மடத்துக் கடற்கரை மணலில் கால் புதையப் புதைய நடந்தான் உப்பூர் பூமிநாதன். அவனும் பி.எஸ்ஸி.தான். கணக்கு முடியும்வரைக்கும் தற்காலிக வேலை. போன வீட்டிலெல்லாம் "வேலை வருமா சார்?" என்றே கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அடுத்த அட்டைக்குரிய, ரசாயனம் படித்த அருளப்பன் கரையில் ஆட்களோடு கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். "வலை ஏறுற வரைக்கும் கயித்த விடமுடியாது சார். நீங்களும் புடிங்க, பேசிக்கிட்டே இழுப்போம்."

அட்டையைத் தோள்பையில் திணித்துவிட்டு பூமிநாதனும் இழுத்தான். உள்ளங்கை எரிந்தது. "படிப்புக்கேத்த வேலையான்னு ஒரு கேள்வி இருக்கு" என்றான், மூச்சு வாங்க.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கீக, நீங்களே எழுதிக்கிருங்க."

வலை கரையேறியது. கயிறு தொட்டவனுக்கும் பங்கு உண்டென்பது அங்கே வழக்கம். பூமிநாதன் கையிலும் ஒரு ஓலைக்கொட்டானில் சூடை மீன் வந்து சேர்ந்தது. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

"இந்தக் கணக்கு முடிஞ்சா ஒங்களுக்கு என்ன சார் வேலை?" என்றான் அருளப்பன்.

பூமிநாதன் கொட்டானைத் தூக்கி எடை பார்த்தான். பிறகு கேட்டான்:

"நாளைக்கும் வலை இழுப்பீகளா?"