இருவரும் அட்ஜஸ்ட் செய்த கடிகாரம்

மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். மூன்று வருடம் கழித்து ஒரு நிறுவனம் என் விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. தவறவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது என்று விதிகளில் மூன்றாவதாக இருந்தது. விதிகளை நான்கு முறை படித்தேன். நான்காவது முறையும் அது மூன்றாவதாகவே இருந்தது.

அன்று காலை ஒன்பது மணிக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. தேர்வுக்கு முன் ஒரு மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டுமாம். லினக்ஸில்தான் ஓடும், பத்து நிமிட வேலை என்று எழுதியிருந்தார்கள். பத்து நிமிட வேலை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. பத்து நிமிடம் தட்டிக்கொடுத்தால் குழந்தை தூங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. அதற்குள் இரண்டு குடித்தனம். முகப்பேரில் ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விடுவார்களே, அதைப் போல. கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். மேலே லினக்ஸ், என் போர்ஷன். கீழே விண்டோஸ், கணவருடையது. பத்து எண்ணுவதற்குள் யார் வீட்டுக்குள் போவதென்று முடிவு செய்ய வேண்டும்.

மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டேன். கூடவே ஒரு தாளும் கொடுத்தேன். எத்தனை மணிக்கு எதைக் கொடுக்க வேண்டும், அழுதால் என்ன செய்ய வேண்டும், அழாவிட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன்.

அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இன்னா கண்ணு, பரீச்சை உனக்கா எனக்கா?"

உள்ளே வந்து லினக்ஸைத் திறந்து, மின்னஞ்சலில் இருந்த கட்டளையை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். மென்பொருளை இறக்குவதற்கு முன் கணினி அதன் பட்டியலை இணையத்திலிருந்து வாங்கும். வாங்கியது. வாங்கிவிட்டு ஒரு வரி சொன்னது: இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த பிழைச் செய்திகள் எல்லாம் கோப்பு இல்லை, இடம் இல்லை, அனுமதி இல்லை என்று இல்லைப்பாட்டு பாடுபவை. இதுவோ தினசரி காலண்டரின் அடியில் போட்டிருக்குமே, அந்தக் குரலில் பேசியது. நல்ல நேரம் பிறக்கவில்லை, பிறகு வா. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம் என்பது எனக்கு நினைவு வந்தது. நான் பொறியியல் படித்தவள், இதையெல்லாம் நினைக்கக் கூடாது என்பதும் கூடவே நினைவு வந்தது.

செல்பேசியில் மணி ஒன்பது நாற்பது. இரண்டு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தால் பன்னிரண்டு இருபது. தேர்வு பதினொன்றரைக்கு.

வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு செல்பேசியின் இணையத்தில் முயன்றேன். அதே பதில். பட்டியலைத் தரும் சர்வரை வேறு ஊருக்கு மாற்றினேன். அங்கேயும் அதே. பத்து மணிக்குத் திரும்பக் கேட்டேன். இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம் என்றது. என்ன ஒரு நேர்மை! ஒரு நிமிடம்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

இணையத்தில் ஒருவர் இதே பிரச்சினைக்கு ஒரு நீளமான கட்டளை கொடுத்திருந்தார். கீழே இன்னொருவர் நன்றி சொல்லியிருந்தார். அதற்கும் கீழே ஒருவர், இதைச் செய்ததில் என் கணினி திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். நன்றி சொன்னவரை நம்புவதா, அழுதவரை நம்புவதா? கட்டளையை அடித்தேன், அழித்தேன். மறுபடியும் அடித்தேன், அழித்தேன். என் பக்கம் போனாலும் பரவாயில்லை, கணவரின் பக்கத்தையும் சேர்த்து அழித்துவிட்டால்?

அப்போது அக்கா வாசலில் நின்றார். இடுப்பில் என் மகள், மகளின் கையில் அக்காவின் செல்பேசி.

"பத்தரைக்கு மாதுளம்பழம்னு எழுதிக் குடுத்தியே. போனை உன் பொண்ணு புடுங்கிகினு தரமாட்டேங்குது. எங்க ஊட்டு கடியாரம் ஓடல. மணி இன்னா இப்போ?"

திரையின் மூலையைப் பார்த்துச் சொன்னேன். "நாலு அம்பத்தஞ்சுக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"விடிகாலைலயா, சாய்ங்காலமா?"

திரையை மறுபடியும் பார்த்தேன். நாலு ஐம்பத்தைந்து. செல்பேசியில் பத்து இருபத்தைந்து. விரலை மடக்கினேன். சரியாக ஐந்தரை மணி நேரம்.

"சரி சரி, நான் குத்துமதிப்பா குடுத்துடறேன். நீ மூஞ்சி கழுவு, பேய் அடிச்ச மாதிரி கீற" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

ஐந்தரை மணி நேரம் என்பது நம் ஊருக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். கணினிக்குள் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. விண்டோஸ் அதில் நம்மூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் உலக நேரத்தை எழுதி வைத்துவிட்டு, நமக்குக் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு குடித்தனத்துக்கும் இந்த ஒரே கடிகாரம்தான். ஒருவர் போன பிறகு இன்னொருவர் வந்து பார்த்தால் நேரம் தப்பும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தன் பக்கம் மணி தப்பாக வருகிறது என்று கணவர் சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னதால், புதன்கிழமை நானே தேடிப்பிடித்து லினக்ஸை நம்மூர் நேரத்துக்குப் பழக்கிவிட்டேன். அது தானாக நேரத்தைத் திருத்தி என் திருத்தத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து, அந்த வசதியையும் அணைத்துவைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லிக் காட்டுவது போல இருக்குமே.

அப்படியிருக்க, ஏன் தப்பியது? அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஏதாச்சும் தொட்டீங்களா?"

மிஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினார்.

"நேத்து சாயங்காலம் மாத்தினேன். பாவம், உனக்குப் பரீட்சை இருக்கே, எதுக்குக் குழப்பம்னு என் பக்கத்தை உன் உலக நேரத்துக்குக் கொண்டுவந்துட்டேன். ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நான் புதன்கிழமையே உங்களுக்காக என் பக்கத்தை நம்மூர் நேரத்துக்கு மாத்திட்டேங்க!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ ஆளுக்கொரு தடவை சாம்பார்ல உப்பு போட்டிருக்கோம்."

கல்யாணத்தன்று என் பெரியம்மா காதோரம் சொன்னது ஒரே வாக்கியம்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ. கணவர் வீட்டில் அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இருவரும் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். விளைவாக, காலை பத்தரை மணிக்கு என் கணினி விடியாத இருட்டில் உட்கார்ந்துகொண்டு, காலை ஆறு ஐம்பதுக்கு வெளியான பட்டியலை எதிர்காலத்திலிருந்து வந்தது என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது.

"நீ எதுவும் தொடாதே. நான் பெர்மிஷன் போட்டுட்டு வந்து என்னோடதைப் பழையபடி மாத்திடறேன்" என்றார்.

"வேணாங்க, நான் என்னோடதை மாத்திடறேன்."

"பரீட்சை நேரத்துல உனக்கெதுக்கும்மா சிரமம்..."

மறுபடியும் இருவரும் மாற்றினால் முதலில் இருந்த குழப்பத்துக்கே போய்ச் சேருவோம் என்பது சட்டென்று உறைத்தது.

"நீங்க கை வைக்கவே கூடாது!" என்று கத்தினேன். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவரை நான் அப்படி அதட்டியதில்லை. "சரிங்க" என்றார் அவர், என்னைப் பார்த்து 'ங்க' போட்டு.

என் திருத்தத்தை ஒரே வரியில் எடுத்துவிட்டேன். தானாகத் திருத்தும் வசதியைத் திறந்ததும், மூலையில் ஐந்தேகாலாக இருந்த மணி ஒரே தாவலில் பத்தே முக்காலானது. கட்டளையை அடித்தேன். வரிகள் மளமளவென்று ஓடின. எட்டு நிமிடம். மின்னஞ்சலில் பொய் எழுதவில்லை. ராகு காலம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, நான் தேர்வெழுதினேன்.

பத்து நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். தேறிவிட்டேன் என்றார். நான் அவரிடம் என் பெயரைச் சொல்லி, நிஜமாக நான்தானா என்று கேட்டேன். நான்தானாம். "காலையில கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா? எட்டு மணிக்கு லாகின் பண்ணணும்."

முடியும் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஒரு நிமிஷம், வீட்டுல கேட்டுச் சொல்றேனே."

செல்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அவர் மகளுக்குத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தோசையைக் கீழே வைத்தார்.

"அது வந்து... உனக்குக் கிடைச்சிரும்னு நெனச்சு, காலையில பாப்பாவை நான் பாத்துக்கலாம்னு நேத்தே மேனேஜர்கிட்ட மதிய ஷிஃப்ட் கேட்டுட்டேன்."