கேட்டு வாங்காத கண்ணுசாமி

“ஒரு வீடியோவுக்காக எவங்கிட்டயும் போயி நின்னு கேக்கற சோலியே நம்மகிட்டக் கெடையாதுங்க. கேக்கறவன் கேட்டுக்கிட்டே கெடக்கட்டும். நான் ஒரே ஒரு வரி அடிப்பேன், எண்டரைத் தட்டுவேன், அதுவா வந்து என் கால்ல உழுவும். இந்தக் கட்டை வேகற வரைக்கும் இப்படித்தான்!”

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பேக்கரி வாசலில், டீ கிளாஸை உயர்த்திப் பிடித்தபடி கண்ணுசாமி இதை அறிவித்தார். பதவியேற்கும் மந்திரிகூட இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். சாட்சிகள்: சில ரிக் லாரி டிரைவர்கள், பப்ஸ் தின்றுகொண்டிருந்த டயர்க்கடைக்காரர், ஸ்டுடியோ ராசப்பன். இந்த அறிவிப்பு ராசப்பனின் முகத்துக்கு நேரேதான் செய்யப்பட்டது. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் கண்ணுசாமிக்கு இந்த உலகம் இழைத்த அநீதிகளைப் பார்த்துவிடுவதே முறை.

கண்ணுசாமி டவுன்லோட் கடை வைத்திருக்கிறார். ஆளாளுக்குப் போனும் நெட்டும் இருக்கிற காலத்தில் டவுன்லோட் கடையா என்று சிரிப்பவர்கள் திருச்செங்கோட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ஊர் ரிக் லாரிகள் போகாத மாநிலம் கிடையாது. தையில் கிளம்பினால் மழை பிடிக்கும்வரை சத்தீஸ்கர் காட்டிலும் ஒடிசா மலையிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைத்தாலும் கிடைக்கும், டவர் கிடைக்காது. ஆகவே சீசன் நடுவே ஆள் மாற்றுவதற்கு ஊரிலிருந்து ஒரு வண்டி புறப்படும்போது, அதில் அரிசி, மிளகாய்த்தூள், ஊறுகாய், துளை போடும் பிட்டு இவற்றோடு மெமரி கார்டுகளும் போகும். அந்தக் கார்டுகளை நிரப்புகிறவர் கண்ணுசாமி. பாட்டு இருக்கும், காமெடி இருக்கும், ஊரில் நடந்த கல்யாணங்கள் கட்டாயம் இருக்கும். ஏனென்றால் ரிக்காரர் வீட்டுக் கல்யாணம் எப்போதும் போர் போடும் சீசனில்தான் வந்து தொலைக்கும். இது பஞ்சாங்கத்தின் திட்டமிட்ட சதி.

மற்ற கடைக்காரர்கள் ஏதேதோ இணையதளங்களில் லிங்க்கை ஒட்டிவிட்டு, அங்கே மின்னும் ‘டவுன்லோட்’ பொத்தான்களில் எது நிஜம், எது வைரஸ் என்று திண்டாடிக்கொண்டிருந்த காலத்திலேயே கண்ணுசாமி கறுப்புச் சன்னலுக்கு மாறிவிட்டார். படமில்லை, பொத்தானில்லை, மௌஸுக்கு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டும். புரோகிராமின் பெயரை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, லிங்க்கை ஒட்டி எண்டரைத் தட்டினால் சதவீதம் ஏறும். நூறானதும் வீடியோ கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். படத்தோடு வேண்டுமா, பாட்டு மட்டும் போதுமா என்பதையும் அதே வரியில் இரண்டு எழுத்துச் சேர்த்துச் சொல்லிவிடலாம். கடை வாசலில் நிற்பவர்கள் அந்தத் திரையைப் பார்த்து, மனிதர் ஏதோ பேங்கை உடைக்கிறார் என்றே நம்பினார்கள். கண்ணுசாமி அதை மறுத்ததில்லை.

அவர் கோபக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் இடத்தில் யார் இருந்தாலும் கோபம் வரும். தாலி கழுத்துக்கு ஏறுகிற சரியான கணத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுப் பற்பசை விளம்பரம் போட்டால் யாருக்குத்தான் வராது? “முகூர்த்தத்தை நிறுத்திப்போட்டுப் பல்லு வெளக்கச் சொல்றானுங்க பாருங்க!” என்று வாசலுக்கே வந்து கத்துவார். இன்னொன்று, வீடியோக் கம்பெனிக்காரர்களே தங்கள் செயலிக்குள் வைத்திருக்கும் டவுன்லோட் பொத்தான். அதை அமுக்கினால் வீடியோ போனுக்குள் வந்துவிடும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது போனை நெட்டுக்குக் கொண்டுபோய் முகத்தைக் காட்டாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். காட்டில் கிடக்கிறவன் எங்கே போய் முகத்தைக் காட்டுவான்?

“அரிசி வாங்கி ஊட்டுல வெச்சிருக்கறோம். மாசக் கடைசியில கடைக்காரன் ஊடு பூந்து, நீ இன்னும் என்னைய வந்து பாக்கல, அரிசியத் திருப்பிக் குடுங்கறான். இதுக்குப் பேரு டவுன்லோடுங்களா? நீங்களே சொல்லுங்க!”

போதாக்குறைக்கு அந்த வீடியோத் தளம் ஒருநாள், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள்’ என்று அவரையே கேட்டுவிட்டது. வரி கட்டுகிற, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவராக விளங்குகிற ஒரு மனிதரைப் பார்த்து! அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இப்போது ராசப்பனுக்கு வருவோம். ராசப்பன் கல்யாணங்களைப் படம் பிடித்து நேரலையாக ஒளிபரப்புகிறவர். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களெல்லாம் அவர் சேனலில் வரிசையாகக் கிடந்தன. கண்ணுசாமி அங்கிருந்து வேண்டியமட்டும் அள்ளிக்கொண்டிருந்தார். அப்படி அள்ளியதில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா, பாயச வாளி தன் இலையைத் தாண்டிப் போய்விட்டது என்று எட்டிப் பிடித்து இழுத்து, அதைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்ட காட்சி இருந்தது. கலைக்கண் கொண்ட கண்ணுசாமி அதை மட்டும் தனியாக வெட்டி எல்லாக் கார்டிலும் முதல் காமெடியாக வைத்தார். அது சத்தீஸ்கர் போனது, ஒடிசா போனது, கடைசியில் வாட்ஸப் வழியாகத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி அந்தச் சித்தப்பாவின் போனிலேயே வந்து இறங்கியது. சித்தப்பா ஆள்கட்டோடு போய் நின்ற இடம் ராசப்பனின் ஸ்டுடியோ.

ராசப்பன் அங்கிருந்து நேராகப் பேக்கரிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை.

“ஏனுங்ணா, எடுக்கறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?”

அதற்குக் கிடைத்த பதில்தான் தொடக்கத்தில் கண்ட பிரகடனம். டிரைவர்கள் கை தட்டினார்கள். ராசப்பன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய், தன் சேனலில் இருந்த அத்தனை கல்யாணத்தையும் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்.

“பூட்டிக்கட்டும். ஊருல வேற கல்யாணமே இல்லீங்களா?” என்றார் கண்ணுசாமி.

வேறு கல்யாணங்கள் இருந்தன. ஆனால் பூட்டிய அறைக்குள் அவருடைய மகள் ஜெயப்பிரியாவின் கல்யாணமும் இருந்தது. அது அவர் நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கல்யாணம் மாசியில் நடந்தது. பெண்ணின் தாய்மாமன் மாதேஸ்வரன், அதாவது கண்ணுசாமியின் மனைவி பழனியம்மாளின் தம்பி, அப்போது சத்தீஸ்கர் காட்டில் ரிக்கோடு இருந்தார். தாய்மாமன் சீர் வைக்க வேண்டிய நேரத்தில் வீடியோ காலில் அழைத்தார்கள், கிடைக்கவில்லை. ஜெயப்பிரியா சற்று யோசித்தாள். பிறகு நேரே கேமராவுக்கு முன்னால் போய், “மாமா, நீங்க எப்பப் பாத்தாலும் இது உங்களுக்குத்தான்” என்று சொல்லி, ஸ்டாண்டின் காலில் விழுந்து கும்பிட்டாள். ஸ்டாண்டுக்கு மூன்று கால். எதைத் தொடுவது என்று தெரியாமல் மூன்றையும் தொட்டாள். மண்டபமே சிரித்தது, பழனியம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் ராசப்பன் கேட்டார்: “பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டுத் தந்தர்றனுங்ணா. கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சாகோணும்.”

“எனக்குப் பென்டிரைவா? ஏனுங்க, ஆளைப் பாத்துப் பேசுங்க. நெட்டுல கெடக்குதல்ல, வேணுங்கறப்ப எடுத்துக்கறேன்.”

வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவர் எடுக்கவே இல்லை. ஊரார் கல்யாணங்கள் கார்டு கார்டாகக் காட்டுக்குப் போயின. சொந்த மகள் கல்யாணம் நெட்டிலேயே கிடந்தது.

மாதேஸ்வரன் டீசல் பிடிக்க அங்கே பக்கத்து டவுனுக்குப் போனபோது, அந்த வீடியோவைச் செயலியின் பொத்தானை அமுக்கித் தன் போனுக்குள் இறக்கிக்கொண்டார். அன்றாடம் வேலை முடிந்து கை கழுவியதும் கும்பிடுகிற இடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பார். ஒருநாள் செயலி, நெட்டுக்கு வந்து முகத்தைக் காட்டு என்றது. யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு டவர் இருக்கும் மேட்டுக்குப் போய்க் காட்டினார். காட்டியதும் அது சேனல் பூட்டியிருப்பதைத் தெரிந்துகொண்டு, போனுக்குள் இருந்ததையும் அழித்துவிட்டது. அந்த மேட்டில் நின்றபடியே கண்ணுசாமியைக் கூப்பிட்டார்.

“மச்சான், புள்ள கும்புட்டது காணாமப் போச்சுங்க.”

“அந்தப் பொத்தானை நம்பாத, நம்பாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே மாப்ளை! திருட்டுப் பசங்க!”

“அதெல்லாஞ் செரிங்க. நாளைக்குப் பொழுதோட நம்ம ஆள் மாத்தற வண்டி கெளம்புது. அதுல கார்டுல போட்டுக் குடுத்துடுங்க. கல்யாணத்துக்குத்தான் வர முடியல. அதைப் பாத்தா நானும் அங்க நின்ன மாதிரி இருக்குதுங்க. எனக்கு அது ஒண்ணுதான்.”

“உனக்கில்லாததா? அஞ்சே நிமிசம்.”

கறுப்புச் சன்னல் திறந்தது. வரியை அடித்தார், எண்டரைத் தட்டினார். சதவீதம் வரவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது: இது தனிப்பட்ட வீடியோ, உங்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தால் உள்ளே வரலாம். கண்ணுசாமி புரோகிராமைப் புதுப்பித்தார். பிரவுசரை மாற்றினார். மகளின் கணக்கில் நுழைந்து பார்த்தார், மருமகன் கணக்கிலும் நுழைந்து பார்த்தார். சிவப்பு வரி இம்மியும் மாறவில்லை. டிபன் கேரியரோடு வந்த பழனியம்மாளுக்குத் தெரு முனையிலேயே சத்தம் கேட்டது.

“என்னங்க இது, ஊரே கேக்குது?”

“நம்ம புள்ள கல்யாணத்தை நாம பாக்கறதுக்கு அனுமதி வாங்கோணுமாம்! புள்ள நம்மது, மண்டபம் நம்மது, சோறு நம்மது!”

“படம் புடிச்சது?”

“அது ராசப்பன்.”

“அப்ப ராசப்பங்கிட்டக் கேளுங்க.”

“கேக்கறதா? நானா? அவங்கிட்டயா?”

பழனியம்மாள் கேரியரை மேஜைமேல் டணாரென்று வைத்தாள். “ஏனுங்க, ஊருல இருக்கறவன் கல்யாணத்தையெல்லாம் இறக்கத் தெரிஞ்சுது. சொந்தப் புள்ளயோடதை இறக்க உங்களுக்கு நேரமில்ல. இப்ப வாய்ச் சவடாலுக்குக் கொறையில்ல. சீர் வெக்கறப்பத்தான் என்ற தம்பி இல்ல, அதைப் பாக்கறதுக்குமா அவனுக்குக் குடுப்பினை இல்ல? நாளைக்கு வண்டி கெளம்பறப்ப அதுல கார்டு இருக்கோணும். இல்லீன்னா நானே போயி ராசப்பங்கிட்டக் கேக்கறேன். போற வழியில ஊடூடா நின்னு, எதுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுத்தான் போவேன்.”

இப்படி ஒரு மனிதரைச் சுற்றி வளைத்து, ஒரு பக்கம் வீடியோக் கம்பெனியும் மறுபக்கம் மனைவியும் நின்றால், அவர் என்ன செய்வார்? மறுநாள் காலை அவர் ராசப்பனின் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார். ராசப்பன் யாருடைய ஆல்பத்துக்கோ படம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“வெயிலு சாஸ்திங்க,” என்றார் கண்ணுசாமி.

“ஆமாங்ணா.”

“கரண்டு வேற போயிப் போயி வருது.”

“வருதுங்ணா.”

“இந்த ஃபேனு புதுசுங்களா?”

“நீங்க பாத்ததுதானுங்ணா. உங்கூட்டுக் கல்யாணத்தப்பவே இருந்துது.”

வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. கண்ணுசாமி ஃபேனைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு ஆல்பத்தில் இருந்த யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “மாதேசு போன் பண்ணுனான். ஜெயப்பிரியா கல்யாணம் வேணுமாம்.”

“அதுக்கென்னுங்ணா? ஒரு வரி அடிச்சா வந்து கால்ல உழுவுமே.”

“உழுவலீங்க.”

ராசப்பன் ஒரு படத்தைப் பெரிதாக்கினார், மறுபடி சிறிதாக்கினார்.

“ஒரு வார்த்தை…” என்று கண்ணுசாமி தொண்டையைச் செருமினார். “கேட்டுப் போலாம்னு வந்தேனுங்க. தொறந்து உடுங்க.”

“பாயச வாளி?”

“இருக்கறதையெல்லாம் அழிச்சுப்போடறேன்.”

“ஒடிசாவுல இருக்கறதை எப்படிங்ணா அழிப்பீங்க?”

எந்தப் புரோகிராமிலும் அதற்கு வரி கிடையாது. ராசப்பன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தப் புள்ள மாமனை நெனச்சு ஸ்டாண்டு காலத் தொட்டப்ப, கேமராவை நாந்தானுங்ணா குனிய வெச்சேன். ஆசீர்வாதம் பண்றாப்புல இருக்கட்டும்னு. லிங்க் அனுப்பறேன், எடுத்துக்கங்க.”

கடைக்கு வந்து எண்டரைத் தட்டினார். சதவீதம் ஏறியது. ஆயிரம் கல்யாணம் இறக்கியவர், ஒன்றைக்கூட முழுதாக உட்கார்ந்து பார்த்தவரில்லை, இதை ஓடவிட்டார். மகள் விழுந்தாள், மூன்று காலையும் தொட்டாள், காட்சி மெல்லக் குனிந்தது. ஓரத்தில் பட்டு வேட்டியில் பெண்ணின் அப்பா நின்றார். மகள் பக்கம் திரும்பாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார். கண்ணுசாமி அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீடியோவை நிறுத்தினார்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி கடை வாசலுக்கே வந்தது. கார்டை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திய டிரைவர், “ங்ணா, அப்படியே நம்ம செந்தமிழன் கல்யாணத்தையும் போட்டுக் குடுங்க. அது சங்ககிரி ஸ்டுடியோக்காரங்க சேனலு. பூட்டெல்லாம் இல்ல, தொறந்துதான் கெடக்குது” என்றார்.

கண்ணுசாமி இன்னொரு கார்டை எடுத்துச் செருகினார். புரோகிராமின் பெயரை அடித்தார், இடைவெளி விட்டார், லிங்க்கை ஒட்டினார். வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது. விரல் எண்டருக்கு மேலே நின்றது.

“இருங்க, வாரேன்,” என்று எழுந்து, வீடியோவின் அடியில் போட்டிருந்த நம்பரைப் போனில் தட்டியபடி, வண்டிக்குப் பின்புறம் போனார். அரிசி மூட்டைகளுக்கு மறைவில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

“ஏனுங்க, ஸ்டுடியோங்களா? நான் திருச்செங்கோட்டுல இருந்து பேசறனுங்க… இல்லீங்க, சண்டையெல்லாம் இல்லீங்க… ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்…”

திரும்பி வந்தவரிடம் டிரைவர் கேட்டார்: “போன்ல யாருங்ணா?”

“ராங் நம்பரு,” என்று சொல்லிவிட்டுக் கண்ணுசாமி எண்டரைத் தட்டினார்.