மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான்

என்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை ஆறு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் தவறு என்னுடையதுதானோ என்று தோன்றியது. நான் சொன்ன வார்த்தைகள்தான் அதில் இருந்தன. ஆனால் பாதிதான் இருந்தன.

நான் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவள். கல்லூரியில் படிக்கும்போது தேர்வு எழுதி வாங்கினேன். கல்யாணமாகி இந்தத் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட் பக்கம், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீட்டுக்கு வந்தபோது ரேடியோ செட்டும் கூடவே வந்தது. கூரை ஓரத்திலிருந்து பின்னால் இருக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒரு கம்பிதான் என் ஆன்டெனா. என் கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். ஏழரை மணிக்கு, குழந்தை பால் குடித்துவிட்டு விளையாடும் நேரத்தில், நான் செட்டைப் போடுவேன். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவார்கள். ஒருவர் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நாள் முழுவதும் நான் "பாப்பா அம்மா". அந்த அரை மணி நேரம் மட்டும் என் கால் சைனை, உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியை, சொல்லி யாரோ கூப்பிடுவார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சென்ற வருடம் ஒரு தனியார் நிறுவனம் எங்கள் லைனில் மின்கம்பி வழியாகவே இணையம் கொடுக்க ஆரம்பித்தது. கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வீட்டில் பிளக்கில் செருக ஒரு சின்னப் பெட்டி. தனிக் கேபிள் வேண்டாம். நான்கு பத்திரிகைகளில் செய்தி வந்தது. நான்கிலும் ஒரே படம், ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள். நிறுவனம் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டிருந்தார்கள். கரண்ட் கம்பிக்கு மேலுறை கிடையாதே, அதில் வேகமாகத் தகவல் ஓடினால் கம்பியே ஆன்டெனாவாகிவிடாதா, அந்த அலைவரிசையில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெட்டி மாட்டிய மறுநாள் என் செட்டில் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போன்ற இரைச்சல். அதற்கு அடியில் மனிதக் குரல் இருப்பதே தெரியவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இரைச்சல் வந்தால் அடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் சொந்த வீட்டைச் சோதிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, செட்டை பேட்டரியில் ஓட்டிக் கேட்க வேண்டும். இரைச்சல் நின்றால் குற்றவாளி நம் வீட்டு மிக்ஸியோ சார்ஜரோதான். நான் மூன்று நாள் அப்படிச் செய்தேன். ஃபிரிட்ஜில் இருந்த பால் கெடுமோ என்ற பயத்தோடு செய்தேன். இரைச்சல் நிற்கவில்லை. மூன்று நாளும் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

நிறுவனத்தின் அலுவலகம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. மேசையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். எங்கள் அலைவரிசைகளை மட்டும் விட்டுவிடும்படி பெட்டியில் ஒரு ஃபில்டர் போட முடியுமாம். ஆனால் இரைச்சல் அவர்கள் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று நான் காட்ட வேண்டுமாம். சோதித்துப் பார்க்கப் பெட்டியைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் மேடம் என்றார்.

பத்திரிகையில் சொல்லிப் பாருங்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். ஒரு நிருபர் வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்தார். குழந்தை அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். நான் மெயின் சுவிட்சை அணைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். நம் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

"ஆன்லைன் வகுப்புக்கு இல்லத்தரசி எதிர்ப்பு" என்று தலைப்பு. உள்ளே, "முதலில் என் வீட்டு மின்சாரத்தையே சந்தேகப்பட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்" என்று ஒரு வரி. அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்ற அடுத்த வரி எங்கேயும் இல்லை.

அன்று குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா எப்போதும் என் குழந்தைக்குக் கேக் எடுத்து வைப்பவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த இணையத்தில்தான் டியூஷன் படிக்கிறார்கள்.

"இன்னாம்மா, எங்க பசங்க படிக்கிறது உனக்குத் தொல்லையா இருக்குதா?"

"அதுக்கு இல்லக்கா..."

"ரேடியோல பாட்டு சரியா கேக்கலையாம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. நான் குடம் நிரம்புவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? என் அரை மணி நேரத்துக்காக இரண்டு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறேனா? ஃபில்டர் போட்டால் அவர்கள் இணையம் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று முழுவதும் எதுவும் சாப்பிட முடியவில்லை.

நிருபருக்குப் போன் செய்து நான்கு பிழைகளைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. என் மகளுக்கு இரண்டு வயது அல்ல, மூன்று வயது என்று.

மறுபடி அலுவலகம் போனால், அந்தச் செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். "நீங்களே சொல்லியிருக்கீங்களே மேடம்" என்றார் அந்த இளைஞர்.

திரும்பி வரும்போதுதான் அது தோன்றியது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகலில் கரண்டை நிறுத்துவார்கள். அப்போது லைன் முழுவதும் எந்த மோட்டாரும் எந்த பல்பும் ஓடாது. ஆனால் கம்பத்துப் பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் அதன் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் செட்டில் ஏதாவது கேட்டால் அது அந்தப் பெட்டியிலிருந்துதான் வர முடியும். இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கரண்ட் நிறுத்தும் நாளன்று காலை பத்து மணிக்கு அக்காவின் கதவைத் தட்டினேன். கோபம் போகாத முகத்தோடுதான் வந்தார். என் வீட்டில் ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. நான் பேட்டரியில் செட்டைப் போட்டேன். ஆலங்கட்டி மழை இல்லை. அதற்குப் பதில் டக் டக் டக் என்று ஒரே சீராக ஒரு தட்டல். வீடுகளில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் உயிரில்லாமல் கிடக்க, கம்பத்துப் பெட்டி மட்டும் அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் வழியாகப் பச்சை விளக்கைப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்துப் பேட்டரி தீர்ந்து விளக்கு அணைந்தது. அந்த நொடியே தட்டலும் நின்றது. அந்த அமைதியில் மைசூர்ப் பக்கத்துக் குரல் ஒன்று மெதுவாக எழுந்து வந்தது.

"யாரோ பேசறாங்க" என்றார் அக்கா. நெடுநேரம் கேட்டார். பிறகு, "எங்க பசங்க கிளாஸ் நிக்காதுன்னா எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றார். என் பதிவேட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த இளைஞர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒருவர் லேப்டாப்போடு வந்து ஃபில்டர் போட்டார். பிள்ளைகளின் வகுப்பு ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மறுநாள் ஏழரை மணிக்கு என் கால் சைன் தெளிவாகக் கேட்டது. நான் பதில் சொன்னேன்.

ஆனால் பத்திரிகையும் விடவில்லை. "ரேடியோ புகார் தீர்ந்தது: இல்லத்தரசி வீட்டுக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று நான்கு வரிச் செய்தி வந்தது. விடு, வேலை முடிந்துவிட்டது என்றார் என் கணவர். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். அக்கா தாளோடு வந்து நின்றார்.

"நான் கையெழுத்துப் போட்டனே, அது இன்னா ஆச்சி? அவுரு நம்பரைக் குடு."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கக்கா."

அக்கா நிருபருக்கு மூன்று முறை போன் அடித்தார். அவர் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது அடுத்த லைன் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தார்கள். இன்னொரு சாம்பல் நிறப் பெட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. இதில் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டேன். ஆபீஸில் கேளுங்கள் என்றார் ஏணியில் இருந்தவர். அங்கிருந்து என் ஆன்டெனா நூறு அடி தூரம்கூட இருக்காது. நான் உள்ளே போய்ப் பதிவேட்டில் புதுப் பக்கம் எடுத்து, பிறகு மெயின் சுவிட்சை அணைத்தேன்.