ஐஸ் பெட்டியில் எலும்பு மச்சை

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எல்லோரும் சொல்வார்கள், நான் காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி நிற்பேன் என்று. அந்த வாரம் நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

வேகமாகப் பரவும் இரத்தப் புற்றுநோய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தே பெரும்பாலும் மைலொயிட், லிம்போயிட் என்று இரண்டில் ஒன்றாகப் பிரித்துவிடலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. அன்று என் கண்ணாடித் தட்டில் இருந்த இரத்தக் கலங்கள் இரண்டிலும் அடங்கவில்லை. சில சின்னதாய் உருண்டையாய் இருந்தன. சில பெரிதாய், உள்ளே மணி மணியாய். அவை குருநகர் மீனவர் ஒருவரின் பத்தொன்பது வயது மகளுடையவை. வகை தெரியாமல் வைத்தியர் மருந்து ஏற்றமாட்டார். அவளுக்கோ நாள் அதிகம் இல்லை.

கலங்களின் மேலுள்ள அடையாளங்களைக் கண்டு வகை சொல்லும் இயந்திரம் கொழும்பில் இருந்தது. அதற்குக் கலங்கள் உயிரோடு போய்ச் சேரவேண்டும். அவளுடைய இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மச்சையைக் குழாயில் அடைத்துத் தகப்பனிடம் கொடுத்தேன். காலை ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"ஐயா, பழுதாகாமல் கொண்டுபோங்கோ" என்றேன்.

"ஓம் பிள்ளை. அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் கொழும்பிலிருந்து அழைத்தார்கள். மச்சை உறைந்து, கலங்கள் எல்லாம் வெடித்துப்போயிருந்தன. தகப்பன் திரும்பி வந்ததும் வாயில் வந்தபடி ஏசினேன்.

"ஆர் உங்களை ஐஸ் போடச் சொன்னது?"

"மீன் அனுப்புற ரெஜிபோம் பெட்டியிலை அடியிலை ஒரு படை ஐஸ், மேலை ஒரு படை போட்டனான். குளிர் இன்னும் கூடட்டுமெண்டு உப்பும் தூவினனான். நாப்பது வருசமாக் கொழும்புக்கு மீன் அனுப்புறன், பிள்ளை. ஒண்டும் பழுதானதில்லை." பிறகு அவரே சொன்னார்: "செத்ததைத்தானே ஐஸிலை வைக்கிறது. உது எனக்கு விளங்கியிருக்க வேணும்."



அவளுக்கு மறுபடியும் ஊசி குத்தினார்கள். இந்த முறை குழாயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானே ரயிலேறினேன். முடிவு வந்தது: இரண்டு வகையின் அடையாளங்களும் ஒரே கலத்தில். அபூர்வமான கலப்பு வகை. மருந்து தொடங்கிய மூன்றாம் நாள், கிருமித் தொற்றில் அவள் இறந்துபோனாள்.

பிந்தியதால்தானா என்று வைத்தியரிடம் கேட்டேன். "சொல்லேலாது" என்றார்.

தகப்பனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. தன்னுடைய ஐஸ்தான் மகளைக் கொன்றது என்று செத்தவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அழுதார். ஐஸ் வைக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவேண்டும். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள இரண்டு தரம் குருநகருக்குப் போனேன். இரண்டு தரமும் அவர் எனக்குத் தேத்தண்ணி தந்து, நான் பட்ட பாட்டுக்கு நன்றி சொன்னார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.