பட்டியலில் ஏறாத பொதிகள்

போன வருடம் ஒரு நாள் முழுக்கக் காற்று வரக்கூடாது என்று மாதாவிடம் மன்றாடினேன். தோணிக்காரர் வீட்டுப் பெண் யாரும் செய்யாத மன்றாட்டு அது.

அப்பா தோணியின் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடும் பாய்த்தோணியில் சுக்கான் முதல் சுங்கம் வரை எல்லாம் அவர் பொறுப்பு. நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடிப்பார். காகிதத்தில் கையெழுத்து மட்டும் போடுவார். கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் படித்து முடித்ததிலிருந்து தோணியின் ஆங்கிலக் காகிதமெல்லாம் நான் எழுதுவதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

தோணிகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் வெங்காயமும் கூரை ஓடும் போக, ஆளுக்கு ஒரு பொதி சொந்தச் சரக்கு கொண்டுபோகலாம். எங்கள் ஆட்கள் காயல்பட்டினத்தில் சாரம் வாங்கிக் கட்டுவார்கள். இடுப்பில் கட்டும் அந்தக் கட்டம்போட்ட கைத்தறித் துணிக்குக் கொழும்பில் நல்ல கிராக்கி. முன்பெல்லாம் அந்தப் பொதிகளை யாரும் கிளறமாட்டார்கள். நமக்குச் சுதந்திரம் வந்து, அடுத்த வருடம் இலங்கைக்கும் வந்தபிறகு, அக்கரை அயல்நாடாகிவிட்டது. ஆட்களின் பொதியையும் பட்டியலில் எழுது என்றார்கள். எழுதினேன். சுங்கத் தீர்வையும் கட்டினார்கள், முனகிக்கொண்டே.

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி. அண்டை நாடுகள் தங்களுக்குள் சுங்கத் தீர்வையைக் குறைத்துக்கொள்வது, கைத்தறித் துணிக்குத் தீர்வையே இல்லாமல் செய்வது. கடை வாசலில் நின்றபடியே வாசித்தேன். இரண்டு பத்திதான் வாசித்திருப்பேன், கால் தரையில் நிற்கவில்லை. கடலுக்கு நடுவில் போட்ட வேலியைப் பிடுங்கப் போகிறார்கள்! வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் கொட்டினேன்.

"ஏளா, மெய்தானா? சாரத்துக்குத் தீர்வை கிடையாதா?"

"கிடையாதுப்பா. பேப்பர்லயே போட்டுட்டான்."

"அப்போ பட்டியல்ல எப்படி எழுதுவே?"

"தீர்வையே இல்லாததை எதுக்குப்பா எழுதணும்?"

அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். பட்டியலில் வெங்காயமும் ஓடும் மட்டும் ஏறின. சுங்க அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. தோணி துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் முயல்தீவுக்கு வெளியே போய் நங்கூரம் போட்டு, வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக்குக் காத்து நின்றது.

மறுநாள் காலை சீனி வாங்கப் போன இடத்தில் கடைக்கார அண்ணாச்சியிடமும் என் சந்தோஷத்தை அளந்தேன், பொதிகளைப் பட்டியலில் ஏற்றாத சாமர்த்தியத்தோடு சேர்த்து. அவர் பழைய பேப்பர் அடுக்கிலிருந்து அதே தாளை உருவி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரை வாசித்தார்.

"யாத்தா, இங்கன பாரு. 'யோசிக்கப்பட்டு வருகிறது'ன்னுல்லா முடிச்சிருக்கான். அவன் யோசிக்கதுக்குள்ள நீ தோணியையே ஏத்திட்டியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படியே நாளைக்குத் தீர்வையை எடுத்தாலும், எழுதாமக் கொண்டுபோனா அதுக்குப் பேரு களவு. போன வாரம் கொழும்புல ஒரு தோணியைப் பிடிச்சு நிறுத்திட்டான். தண்டலை உள்ள போட்டுட்டாங்களாம். உங்கப்பனுக்கு யாரும் சொல்லலியா?"

சீனிப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டேன். கடை வாசலில் தொங்கிய சாக்குப்படுதா அதுவரை ஆடாமல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தெற்குப் பக்கமாக மெல்ல உப்பியது. வாடை எடுத்துவிட்டது.

மாதாவே, இன்று ஒரு நாள் முழுக்கக் காற்றை அடக்கு என்று மன்றாடிக்கொண்டே கடற்கரைக்கு ஓடினேன். சித்தப்பா தன் சிறு வள்ளத்தின் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வள்ளத்தைத் தள்ளுங்க சித்தப்பா. அப்பாவை ஜெயில்ல போட்டுருவாங்க."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் போய்ச் சொல்லுதேன். நீ வீட்டுக்குப் போ."

"நீங்க சொன்னா நம்பமாட்டாங்க. 'எம்மக பேப்பர்ல பாத்திருக்கா'ன்னு உங்களையே திருப்பி அனுப்பிருவாங்க."

"பொம்பளப் பிள்ளை ஏறினா நாளைக்கு இந்த வள்ளத்துல ஒருத்தனும் துடுப்பு எடுக்கமாட்டான்ளா."

நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். தண்ணீர்மேல் இருந்த பயம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. தூரத்தில் எங்கள் தோணியின் பெரிய பாய் அங்குலம் அங்குலமாக ஏறுவது தெரிந்தது. கொழும்பில் அப்பா கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகவும், ஒரு அதிகாரி என் எழுத்தைக் காட்டி "இது யார் எழுதியது?" என்று கேட்பதாகவும், அப்பா வாயே திறக்காமல் இருப்பதாகவும் திரும்பத் திரும்பத் தோன்றியது. அவர் சொல்லமாட்டார்.

"ஏலே, அங்கன பாருங்கலே! தண்டல் மக கொழும்புக்குச் சவாரி வாரா!" மேலிருந்து ஒருவன் கத்தினான்.

"பாயை இறக்குங்க!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சித்தப்பாதான் எனக்காகக் கத்தினார். அப்பா ஓரத்துக்கு வந்து குனிந்தார்.

"சாரத்துக்குத் தீர்வை இருக்குப்பா. இன்னும் எடுக்கல. பேசிக்கிட்டுத்தான் இருக்காங்களாம்."

"நீ வாசிச்சேல்லா?"

"பாதிதான்ப்பா வாசிச்சேன்."

அப்பா நிமிர்ந்து ஆட்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன், "இப்போ எழுதிக் குடுத்தாப் போச்சு. இங்கனயே எழுதட்டும், படிச்ச பிள்ளைதான?" என்றான்.

"முத்திரை விழுந்துட்டுலே. இனி எழுதினா, ஏன் முதல்ல எழுதலன்னு கேப்பான்" என்றார் அப்பா. என்னைத் திட்டவில்லை. "பொதியை எல்லாம் வள்ளத்துல இறக்குங்க."

"இந்த நடைக்குன்னு வாங்கிக் கட்டினது தண்டல்!"

"நீ உள்ள போனா உன் வீட்டுல யாரு சோறு போடுவா? இறக்குலே."

பத்துப் பொதிகள் இறங்கின. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக அப்பா தன் பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கொழும்பில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு உடுத்த எடுத்த சேலை. அதையும் நான் எழுதவில்லை. அவரே குனிந்து என் மடியில் வைத்தார்.

திரும்பும்போது சுங்கப் படகு ஒன்று குறுக்கே போனது. தோணியிலிருந்து இறங்கும் சரக்குக்கும் கணக்குக் கேட்பார்கள்; பொதிகளின்மேல் வலையை இழுத்துப் போட்டு, அதன்மேல் நான் உட்கார்ந்தேன். படகில் இருந்தவர் எங்களைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

அப்பா திரும்பி வரும் வரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஏதாவது ஒரு பொதி தோணியின் அடித்தட்டில் தங்கியிருந்தால்? யாராவது ஒருவன் இடுப்பில் இரண்டு சாரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியிருந்தால்? நாளுக்கு நாலு தடவை கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் தோணி தேங்காயோடு வந்தது. அக்கரையில் சோற்றுப்பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எப்போதும்போல் கேட்டார்: "ஏளா, இன்னைக்குப் பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

மடித்து வைத்திருந்த தாளை விரித்தேன்.

"இருங்கப்பா. கடைசி வரைக்கும் வாசிச்சுட்டுச் சொல்லுதேன்."